பத்தியச் சாப்பாடு என்று எழுதிய அண்ணனுக்கு

ஞாயிற்றுக்கிழமை நான் ‘லோக்கல் ஹீரோ’ என்ற பிரிட்டிஷ் படம் பற்றிப் போட்ட பதிவின் கீழே என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தீர்கள். நான் மதிக்கிற அண்ணன் ஒருவர், பெயர் வேண்டாம், “இதெல்லாம் பத்தியச் சாப்பாடு தம்பி, உடம்பு முடியாதவங்க பாக்குற படம், சினிமான்னா அமெரிக்காக்காரன்தான்” என்று எழுதினார். அதற்கு நூற்றுச் சொச்சம் பேர் ஹாஹா போட்டீர்கள். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்களும் அதில் உண்டு. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

அமெரிக்கப் படம் மட்டம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, தயவுசெய்து பதிவைத் திரும்பப் படியுங்கள். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இந்த பிரிட்டிஷ் படங்களில் மனிதர்களுக்குக் கிடைக்கிற வெற்றி சின்னதாக இருக்கிறது, அதனால் அதை என்னால் நம்ப முடிகிறது.

1983-இல் வந்த அந்தப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹூஸ்டனில் இருக்கும் எண்ணெய்க் கம்பெனி, ஸ்காட்லாந்தின் கடலோர ஊர் ஒன்றை அப்படியே விலைக்கு வாங்க ஓர் ஆளை அனுப்புகிறது. ஊரே திரண்டு கம்பெனியை எதிர்க்கும், கடைசியில் யாராவது மேடையேறிப் பேசுவார்கள் என்றுதானே நினைப்போம்? பில் ஃபோர்சைத் எடுத்த படத்தில் ஊர்க்காரர்கள் விற்கத் துடிக்கிறார்கள், அதை வெளியே காட்டாமல் பேரம் பேசுகிறார்கள். வாங்க வந்தவன்தான் அந்த ஊரின்மேல் ஆசை வைத்துவிட்டு மனசில்லாமல் திரும்புகிறான். கடைசியில் அந்த ஊரின் சிவப்பு டெலிபோன் பெட்டியில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ‘ஒன்றுமே நடக்கலையே’ என்று கேட்டார் ஒருவர். ஒரு மனிதன் தான் எங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அங்கே இருக்க முடியாமல் வீடு திரும்புகிறான், இதற்கு மேல் என்ன நடக்க வேண்டும்?

‘பிராஸ்ட் ஆஃப்’ 1996. யார்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பேண்டு வாத்தியக் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் போட்டியில் ஜெயிக்கிறது. சுரங்கம் மூடியது மூடியதுதான், கோப்பையைக் காட்டி யாரும் அதைத் திறக்கவில்லை. படத்துக்கு வாசித்தது கிரைம்தார்ப் சுரங்கத்தின் நிஜப் பேண்டு. அந்தச் சுரங்கம் 1993-இல் மூடிவிட்டது, பேண்டு இன்னும் வாசிக்கிறது. இதைப் பத்தியச் சாப்பாடு என்கிறீர்கள். இத்தனை வேலையிழப்பையும் கடனையும் வீட்டுச் சண்டையையும் வைத்துக்கொண்டு குரல் உயர்த்தாமல் கதை சொல்கிறார்களே, அது உங்களுக்குக் காரமில்லை என்று படுகிறது.

‘அமெரிக்காவிலும் 1946-இலேயே ஃபிராங்க் காப்ரா “இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்” என்று இப்படி ஒரு படம் எடுத்தாரே’ என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, எடுத்தார், நல்ல படம். ஆனால் பதில் சொல்ல அவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டியிருக்கிறதே, அதைத்தானே நானும் சொல்கிறேன். 1997-இல் வந்த ‘தி ஃபுல் மான்டி’ என்ற பிரிட்டிஷ் படத்துக்குக் காசு போட்டதே அமெரிக்காவின் ஃபாக்ஸ் கம்பெனி என்று இன்னொருவர். போடட்டுமே. கதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துடையது, ஆட்கள் ஷெஃபீல்டுக்காரர்கள், போன வேலை அந்த ஊர் எஃகு ஆலையில் போன வேலை. சுமார் 35 லட்சம் டாலரில் எடுத்த அந்தப் படத்துக்குத்தான், 20 கோடி டாலரில் எடுத்த ‘டைட்டானிக்’கைத் தாண்டி பிரிட்டனின் சினிமா விருதான பாஃப்டாவில் சிறந்த படத்துக்கான விருதைக் கொடுத்தார்கள். இதை விருதுக்காகச் சொல்லவில்லை, அந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க முடியாததற்குக் காரணம் வேறு.

அதில் ஜெரால்டு என்று ஒருவர், ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவர். வேலை போய் ஆறு மாதமாகியும் மனைவியிடம் சொல்லாமலே இருக்கிறார். வீட்டுச் சாமானை எடுத்துப்போக ஆட்கள் வந்து நிற்கும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. 2006-இல் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் கூடத் தங்கியிருந்தவனின் லேப்டாப்பில் பார்த்தேன். அந்தக் காட்சியோடு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா வேலை பார்த்த கோயம்புத்தூர் மில்லில் ஆட்களைக் குறைத்தார்கள். முதலில் கணக்கு முடித்து அனுப்பப்பட்டவர்களில் அப்பாவும் ஒருவர். எங்களிடம் சொல்லவில்லை. காலையில் சங்கு ஊதினால் எப்போதும்போலத் தூக்குப்போசியோடு சைக்கிளில் கிளம்புவார், வ.உ.சி. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வருவார். மூன்று வாரம் இப்படி. பக்கத்து வீட்டு அக்கா அவரைப் பூங்காவில் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

அம்மா அன்றைக்கு அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாள் காலை எழுந்து போசியில் சோறு போட்டு, மூடியை அழுத்தி, எப்போதும்போல அப்பா கையில் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாளும். நாலாவது நாள் அப்பாவே சைக்கிளைச் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்.

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை அண்ணா. உங்களுடைய ஒரு வரி எழுத வைத்துவிட்டது. பெரிய வில்லன், பெரிய சண்டை, கடைசியில் உலகத்தையே காப்பாற்றுவது, எல்லாம் பாருங்கள், நானும் கூட வந்து பார்க்கிறேன். ஆனால் யாரும் யாரையும் தோற்கடிக்காத, ஒருவர் மானத்தை இன்னொருவர் சத்தமில்லாமல் காப்பாற்றுகிற ஒரு வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த வீட்டை நான் பார்த்தது இந்தப் படங்களில்தான். அதை நோயாளிச் சோறு என்று சொல்லி நூறு பேர் சிரித்தால் எனக்கு வலிக்கும், வலிக்கிறது.

நேற்று ராத்திரி அம்மாவுக்கு போன் செய்தேன். எல்லாம் தெரிந்தும் எப்படி பேசாமல் சோறு கட்டிக் கொடுத்தாய் என்று கேட்டேன். “பசிக்குமில்ல கண்ணு” என்றாள். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.