பனியன் கம்பெனி எல்லாமே 2 சதவீதம் தர வேண்டுமா?

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனியும் லாபத்தில் 2 சதவீதத்தை ஊருக்குச் செலவழிக்காவிட்டால் சட்டமீறல் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லைங்க.

இந்த 2 சதவீதச் செலவைக் கேட்கும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றையாவது எட்டிய கம்பெனிகளுக்குத்தான். அந்த 2 சதவீதமும் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில். கூட்டாண்மை நிறுவனங்களும் ஒரே ஆள் சொந்தமாக நடத்தும் நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. எங்கள் தெருவில் பன்னிரண்டு மெஷின் போட்டு ஓவர்லாக் அடிக்கிறவர் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தார் என்றால் அது அவர் மனசு. அவரைப் போய் மிரட்டுவது நியாயமே இல்லை.

சரிபார்க்க வேண்டுமா? கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 135ஆம் பிரிவைப் படியுங்கள். அப்புறம் அதே அமைச்சகத்தின் தேசிய சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) போர்ட்டலில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால், எந்த ஆண்டில் எவ்வளவு செலவு காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.