வரிக்கு வரி மனப்பாடம் என்ற பழங்கதை

"எழுத்து வருவதற்கு முன்னால் கதைகளை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து தலைமுறை தலைமுறையாகக் கடத்தினார்கள்." இந்த வாக்கியம் மாதம் ஒரு முறையாவது யாருடைய பதிவிலாவது கண்ணில் படுகிறது. மந்திரத்துக்கு இது பொருந்தும். பல ஆயிரம் அடிக் கதைப்பாட்டுக்குப் பொருந்தாது. அது பிழைத்து வந்தது, ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கட்டத் தெரிந்தவர்களால்.

மந்திரத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வேதம் ஓதுவதில் ஒலி மாறாமல் காக்கப் பெரிய ஏற்பாடே இருக்கிறது. பதம் பதமாகப் பிரித்து ஓதும் பதபாடம், அடுத்தடுத்த பதங்களைக் கோத்து ஓதும் கிரமம், முன்னும் பின்னும் திருப்பும் ஜடை, அதற்கும் மேலே கனம். கனத்தில் வரிசை இப்படிப் போகும்: 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. பிறகு இரண்டாம் பதத்திலிருந்து அதே சுற்று. நடுவில் ஒரு பதம் விழுந்தால் திரும்பி வரும்போது இடறும், பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும். இதற்குச் சிறு வயதிலிருந்து பல வருடப் பாடசாலை வேண்டும். பொருள் தெரியாமலும் ஓதலாம். இப்படி ஓர் ஏற்பாடும் இல்லாத இடத்தில் நெடுங்கதை ஒன்று வரி மாறாமல் நின்றது என்பவர்கள், எதன் பலத்தில் நின்றது என்றும் சொல்ல வேண்டும்.

கதைப்பாட்டு எப்படி நிற்கிறது என்பதை மில்மன் பாரி என்ற அமெரிக்கர் நேரில் போய்ப் பார்த்தார். அவர் தொடங்கியது ஹோமரில், அதாவது இலியட், ஒடிசி என்ற பழைய கிரேக்கக் காவியங்களில். அக்கிலீஸ் உட்கார்ந்திருந்தாலும் அவன் 'வேகக்கால் அக்கிலீஸ்'தான். அந்த அடைமொழி பெரும்பாலும் ஆளை வர்ணிக்க வரவில்லை, அடியில் மிச்சமிருக்கும் இடத்தை யாப்புக் கெடாமல் நிரப்ப வருகிறது. மிச்சம் எவ்வளவோ அதற்குத் தக்கபடி ஒடிசியசுக்கு வேறு வேறு அடைமொழி. இவ்வளவு ஒழுங்கான தொகுதியைத் தனி ஒருவர் உட்கார்ந்து செய்திருக்க முடியாது, ஒரு மரபே சேர்ந்து செய்திருக்க வேண்டும் என்று 1928-ல் பாரிஸில் கொடுத்த ஆய்வேட்டில் காட்டினார். உயிரோடு இருக்கும் அப்படி ஒரு மரபைத் தேடித்தான் 1933-லும் 1934-35-லும் யுகோஸ்லாவியாவுக்குப் போனார். இரண்டாம் பயணத்தில் மாணவர் ஆல்பர்ட் லார்ட் கூட இருந்தார். ஒலியை அலுமினியத் தட்டுகளில் பதிந்தார்கள். ஒரு தட்டு சில நிமிடங்களில் நிறைந்துவிடும் என்பதால் இரண்டு சுழல் மேடைகளை வைத்து மாற்றி மாற்றி ஓட்டினார்கள். 3,500 தட்டுகளுக்கு மேல் சேர்ந்தன.

அங்கே பாடகர் கையில் குஸ்லே என்ற, வில்லால் இழைத்து வாசிக்கும் கருவி. ஒரே தந்தி. ஓர் அடிக்குப் பத்து அசை (நம் நேரசை, நிரையசைக் கணக்கு வேறு, இங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை). நான்காவது அசையோடு ஒரு சொல் முடிந்தாக வேண்டும். ஆக ஒவ்வோர் அடியும் நான்கும் ஆறுமாக உடையும். நிமிடத்துக்குப் பத்திலிருந்து இருபது அடி ஓடும். அந்த வேகத்தில் யோசித்து எழுத முடியாது, பல ஆயிரம் அடிகளை நினைவிலிருந்து இழுக்கவும் முடியாது. அவரிடம் இருக்கும் சரக்கு வேறு. நான்கு அசைக்கும் ஆறு அசைக்கும் அளவெடுத்துத் தைத்த தொடர்கள் நூற்றுக்கணக்கில். அதற்கு மேல், தயாராக இருக்கும் காட்சிகள்: சபை கூடுவது, கடிதம் எழுதுவது, குதிரைக்குச் சேணம் பூட்டுவது, வீரன் ஆயுதம் தரிப்பது. அதற்கும் மேலே கதையின் வரிசை. கற்கும் பையன் முதலில் பல வருடம் சும்மா கேட்பான். அப்புறம் கருவியை எடுத்துத் தனியாகத் தொடர்களை அடிக்குள் உட்காரவைத்துப் பழகுவான். கேட்கத் தெரிந்தவர்கள் முன்னால் ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடித்த அன்றுதான் அவன் பாடகன்.

காட்சி தயாராக இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. இலியட்டின் ஐந்தாம் காண்டத்தில் பிலைமெனிஸ் என்ற அரசனை மெனலாவோஸ் கொன்றுவிடுகிறான். பதின்மூன்றாம் காண்டத்தில் அதே பிலைமெனிஸ், செத்த மகனின் உடலுக்குப் பின்னால் அழுதுகொண்டு நடந்து வருகிறான்! எழுதுபவர் தாளைப் புரட்டித் திருத்துவார். பாடுபவருக்குப் புரட்டத் தாள் இல்லை. மகன் சாவு என்ற காட்சிக்குள் அழும் தகப்பன் ஏற்கெனவே இருக்கிறான், காட்சியோடு அவனும் வந்துவிட்டான் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இனி 'வரிக்கு வரி' விஷயம். யுகோஸ்லாவியாவின் நோவி பஸார் என்ற ஊரில் தெமோ ஸோகிச் என்ற பாடகர், இன்னொருவரிடம் ஒரே முறை கேட்ட பாட்டைச் சொல்லுக்குச் சொல், அடிக்கு அடி அப்படியே பாடுவதாகச் சத்தியம் செய்தார். இருபது வருடம் கழித்தும் அப்படியே பாடுவேன் என்றார். ஒப்பிட்டுப் பார்த்தால் கற்றுக்கொடுத்தவருடைய அடிகளும் அவருடைய அடிகளும் ஒன்றில்லை. பதினேழு வருடம் கழித்து லார்ட் திரும்பப் போய் அதே பாட்டைப் பதிந்தார். கதை அதேதான், அடிகள் வேறு. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் பாட்டு என்பது கதையும் அதன் வரிசையும். அது மாறவே இல்லை. 'எங்க தாத்தா சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம சொல்றேன்' என்று நம் ஊர்க் கதைசொல்லி சொல்லும்போதும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சை மனப்பாடத்துக்குச் சாட்சியாக நீட்டக் கூடாது.

அதே நாட்டில் பியெலோ போல்யே என்ற ஊரில் அவ்தோ மெஜெதோவிச் என்ற கசாப்புக்காரர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கேட்டிராத பாட்டு ஒன்றை மூமின் என்ற பாடகரை விட்டு அவர் முன்னாலேயே பாடவைத்தார் பாரி. 2,294 அடி. முடிந்த கையோடு, இதை நீங்கள் பாட முடியுமா என்று கேட்டார். அவ்தோ பாடினார். வந்தது 6,313 அடி. சம்பவம் எதுவும் இடம் மாறவில்லை, ஒவ்வொரு காட்சியையும் விரித்துவிட்டார். யாரோ புத்தகத்திலிருந்து வாசிக்கக் கேட்ட சுமார் 2,100 அடிப் பாட்டு வேறொன்று அவர் வாயில் 12,311 அடி ஆனது. ஒடிசியின் நீளத்தைவிடச் சற்றே அதிகம்.

நீளம் ஏன் இப்படி ஆடுகிறது? கேட்பவர்களால். அன்று அங்கே ரமலான் மாதத்து இரவுகளில் காப்பிக் கடைகளில் பாட்டு நடக்கும். ஆட்கள் வருவார்கள், போவார்கள், கொட்டாவி விடுவார்கள். கூட்டம் லயித்தால் பாட்டு வளரும், இல்லையென்றால் சுருங்கும். இரவுக்கும் கதைக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலஹாரி பாலைவனத்தில் வாழும் ஜூ|ஹோவான்சி மக்களிடம் மானுடவியலாளர் பாலி வீஸ்னர் குறித்துவைத்த பேச்சுகளில், பகலில் கதை 6 சதவீதம், இரவில் தீயைச் சுற்றி 81 சதவீதம். கதையின் பிறப்பைத் தேடுபவர்களுக்கு, குகைச் சுவரைவிட இந்தத் தீ பயனுள்ள தடயம் என்று நினைக்கிறேன். இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில், ஒரு குகையில், குறைந்தது 51,200 ஆண்டு பழமையான ஓவியத்தில் ஒரு பன்றியும் மூன்று மனித உருவங்களும் இருக்கின்றன. பெரிய விஷயம்தான். ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று அந்தச் சுவர் சொல்லாது.

தமிழுக்கு வருவோம். பாரியின் முறையைச் சங்கப் பாடல்களில் போட்டுப் பார்த்தவர் இலங்கைத் தமிழ் விமர்சகர் கைலாசபதி. ஆங்கிலத்தில் 1968-ல் புத்தகமாக வந்தது. சரக்கு இங்கேயும் இருக்கிறது. கானக நாடன், குன்ற நாடன், யாணர் ஊரன், தண்ணந் துறைவன், மெல்லம் புலம்பன்: எல்லாம் இரண்டு சீர், நாற்சீர் அடியில் சரிபாதி. திணை மாறினால் தொடரை மாற்றிச் செருகலாம். ஆனால் இதை வைத்து இவை பாடும்போதே பிறந்த பாட்டுகள் என்று சொல்லிவிட முடியுமா? எழுத்தறிந்த புலவர்கள் பாணர் மரபைப் பின்பற்றி இயற்றியவை என்றார் அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட். நான் அவர் பக்கம். குறுந்தொகைப் பாட்டு நான்கிலிருந்து எட்டு அடி. அந்த அளவை முழுதாக மனத்தில் வைக்கலாம், செதுக்கலாம். ஆயிரக்கணக்கான அடிக்குத் தேவைப்படும் வேகக் கட்டுமானம் இதற்கு எதற்கு? அதேபோல வில்லுப்பாட்டில், பாட்டை நடத்தும் அண்ணாவிகளிடம் எழுதிய ஏடு உண்டு. யுகோஸ்லாவியச் சட்டையை எல்லார்க்கும் மாட்டவும் கூடாது.

கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையை 1960-களில் மானுடவியலாளர் பிரெண்டா பெக் பல இரவுகளாகப் பதிந்தார். இப்போது எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறது, பலர் ஊரில் பாடுபவர்களைப் பதிகிறார்கள். தயவுசெய்து தனி அறையில் உட்காரவைத்து "சுருக்கமா சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். வருவது கதைச் சுருக்கம்தான். கருவியைப் பிடுங்கிவிட்டுச் சொல்லி எழுதவைத்தால், பழக்கமில்லாத பாடகருக்கு அடி அளவே தடுமாறும். யுகோஸ்லாவியாவிலும் இதுதான் நடந்தது. பழகிய பின் சிலருக்கு மட்டும் நிதானம் கிடைத்து, பாட்டு இன்னும் நீண்டது. ஆகவே கருவியோடு, ஆட்களோடு, வழக்கமான நேரத்தில் பதியுங்கள். தேதி, இடம், எந்த நிகழ்ச்சி, யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், எங்கே சிரித்தார்கள், எப்போது எழுந்து போனார்கள் என்று குறித்துவையுங்கள். முரண்பாடு வந்தால் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். சில மாதம் கழித்து அதே ஆளிடம் அதே கதையை இன்னொரு முறை பதியுங்கள். இரண்டையும் சேர்த்து 'சரியான பாடம்' ஒன்று தயாரிக்கும் வேலை மட்டும் வேண்டாம். இரண்டு கோப்பையும் அப்படியே, தனித்தனியாக வைத்திருங்கள்.