குழாயை எண்ணினீர்கள், குடத்தை எப்போது எண்ணுவீர்கள்?

தமிழ்நாட்டு எல்லையோரம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் பஞ்சாயத்தில் நூறு சதவீத வீடுகளுக்கும் குடிநீர்க் குழாய் இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை நடந்த பாராட்டு விழாவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டும் இருந்தேன். நேற்று மாலை நண்பர் ஒருவர், நன்றாகப் படித்தவர், நான் மதிப்பவர், அந்த மேடைப் படத்தைப் பகிர்ந்து, "எதற்கெடுத்தாலும் குறை சொல்பவர்கள் இந்த நூறு சதவீதத்தைப் பார்த்தாவது வாயை மூடட்டும்" என்று எழுதியிருக்கிறார். மூட வேண்டிய வாய்களில் என்னுடையதும் ஒன்று. அதனால்தான் திறக்கிறேன்.

கேடயம் வாங்கியது யார், பொன்னாடை போர்த்தியது யார் என்பதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் குழாயடியில் நின்று சிரிக்கிறாரே ஒரு அம்மாள், அவர் என் அத்தை.

அந்தப் படம் எடுத்த அன்று நானும் அங்கே இருந்தேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். முழங்கால் உயரத்துக்கு நீலக் குழாய், அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் திருகு, அடியில் இன்னும் ஈரம் காயாத ஒரு முழச் சிமெண்ட். "பாட்டி, ஒரு குடம் கொண்டுவந்து வையுங்கள்" என்றார்கள். அத்தை வைத்தார். கைபேசியில் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நிமிர்த்தி வையுங்கள், உள்ளே காலியாக இருப்பது தெரிகிறது" என்றான் ஒருவன். நிமிர்த்தி வைத்தார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நொடியில் எங்கள் அத்தை 'தண்ணீர் கிடைத்தவர்' ஆகிவிட்டார்.

தண்ணீரே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருமுறை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு, ஐந்து நிமிடம் காற்றை ஊதிவிட்டு, செம்மண் நிறத்தில் அரைக்குடம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குழாயில் ஆட்டுக்குட்டியைக் கட்டுகிறார்கள். ஆகவே குழாயால் பயனே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

புகார் கொடுத்தாயா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். பதினோராம் நாள் கைபேசிக்குத் தகவல் வந்தது: புகார் தீர்த்துவைக்கப்பட்டது. எப்படித் தீர்ந்தது என்று உள்ளே போய்ப் பார்த்தால், புகார்தாரரின் வீட்டில் இணைப்பு இருப்பது உறுதி செய்யப்பட்டதாம். இணைப்பு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? தண்ணீர் இல்லை என்றல்லவா சொன்னேன்! ஆனால் அவர்களுடைய கணக்கில் அதுவும் ஒரு வெற்றி. தீர்க்கப்பட்ட புகார்களின் சதவீதத்தில் என் புகாரும் ஏறியிருக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். குழாயை எண்ணாதீர்கள், குடத்தை எண்ணுங்கள்.

இது என்ன புதிதாகக் கண்டுபிடித்த தத்துவமா? 2005-ல் சிவகங்கைக்காரரான ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோதே, பணம் ஒதுக்கிவிட்டால் விளைவு வந்துவிட்டதாக ஆகாது என்று பட்ஜெட் உரையில் எச்சரித்தார். அந்த ஆண்டே விளைவு பட்ஜெட் என்று தனியாக ஒன்று வந்தது. செலவழித்த ரூபாயை மட்டும் சொல்லாதே, அந்த ரூபாயால் மக்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல் என்பதுதான் அதன் சாரம். இருபது ஆண்டுகள் ஆகின்றன. வீடுதோறும் குழாய்த் தண்ணீர் என்ற மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். (எங்கள் குழாயை எந்தத் திட்டத்தில் யார் போட்டது என்பதற்குள் நான் போகவில்லை. போனால் சண்டை டெல்லியா திருவனந்தபுரமா என்று திரும்பி, அத்தை மறந்துபோவார்.) 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தபோதே அதில் 'செயல்படும் குழாய் இணைப்பு' என்றுதான் எழுதினார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குடிக்கத் தகுந்த தரத்தில், முறையாக வர வேண்டும். எழுதியவர்கள் முட்டாள்கள் அல்லர். அத்தை வீட்டில் மூன்று பேர். 165 லிட்டர், பதினைந்து லிட்டர் குடத்தில் பதினொரு குடம். எவ்வளவு எளிய கணக்கு! 2022-ல் மத்திய அரசே நடத்திய மதிப்பீட்டில் முழுமையாகச் செயல்படும் இணைப்புகள் 62 சதவீதம் என்று வந்தது. அதாவது யாராவது வீட்டு வாசலுக்குப் போய்த் திருகைத் திறந்து பார்த்தால் எண் இறங்கத்தான் செய்யும். டெல்லியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் 'செயல்படும்' என்ற சொல் வழியில் எங்கோ இறங்கிவிடுகிறது, 'குழாய்' மட்டும் வந்து சேருகிறது.

பாலக்காடு என்றால் பச்சை வயலும் கொட்டும் மழையும் என்று சினிமா பார்த்து நம்புகிறவர்கள் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வந்து பார்க்க வேண்டும். மழை மறைவுப் பகுதி இது. கோடையில் லாரித் தண்ணீர்தான். இங்கிருந்து விடியற்காலையில் கள் வண்டிகள் கேரளம் முழுவதற்கும் நேரம் தவறாமல் போகின்றன. தண்ணீர் லாரிக்கு மட்டும் நேரம் என்பதே கிடையாது. கள்ளுக்கு ஒரு நிர்வாகம் சாத்தியமாகிறது என்றால் தண்ணீருக்கு ஏன் ஆகாது என்று கேட்டால் குடிகாரன் பேச்சு என்பார்கள். கேட்டுவிட்டேன், போகட்டும்.

"விளைவு அதிகாரியின் கையில் இல்லை, மழை பெய்யாவிட்டால் அவர் என்ன செய்வார்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்ளப் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தைப் பாருங்கள். 1970-ல் கையெழுத்தாகி 1958 முதல் அமலுக்கு வந்ததாக எழுதப்பட்ட ஒப்பந்தம். பாலக்காட்டுச் சித்தூர் வழியாக ஓடும் சித்தூர்ப் புழை என்ற ஆற்றுக்காகக் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர். அதை எங்கே அளக்கிறார்கள்? ஆழியாறு அணையின் மதகிலா? இல்லை. மணக்கடவு தடுப்பணையில். அணையில் எவ்வளவு திறந்தாய், கால்வாயை எத்தனை முறை தூர்வாரினாய் என்ற கதையெல்லாம் கேரளத்துக்கு வேண்டாம். எல்லையோரம் மணக்கடவுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது, அதைச் சொல். ஒவ்வொரு கோடையிலும் இதற்காகத்தானே கடிதம் பறக்கிறது, கூட்டம் நடக்கிறது? ஆக, தனக்கு வர வேண்டிய தண்ணீர் என்றால் அரசாங்கத்துக்கு விளைவை அளக்கத் தெரிகிறது. அத்தைக்குப் போக வேண்டிய தண்ணீர் என்றால் மதகைத் திறந்த படம் போதும்! அத்தையின் குடம்தான் அத்தையின் மணக்கடவு. அங்கே அளவுகோலை நடுங்கள் என்கிறேன், வேறொன்றும் இல்லை.

இந்த நூறு சதவீதத்தின் மீது எனக்கு ஒரு பழைய கோபமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். என் தங்கையை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் பதினெட்டு வாங்கினாள். ஜனவரியில் அப்பாவை வரச் சொன்னார்கள். "உங்கள் பெண் நல்ல பெண்தான். ஆனால் பள்ளியின் பெயர் இருக்கிறது பாருங்கள், தனித்தேர்வராக எழுதட்டுமே" என்றார்கள். அப்பா மாற்றுச் சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இரவு சாப்பிடவில்லை. அந்த ஆண்டு ஜூனில் பள்ளி வாசலில் பலகை வைத்தார்கள்: நூறு சதவீதத் தேர்ச்சி. கணக்கில் தொகுதி, பகுதி என்று இரண்டு உண்டு. தொகுதியைக் கூட்டினாலும் சதவீதம் ஏறும், பகுதியைக் குறைத்தாலும் ஏறும். என் தங்கை அந்தப் பகுதியிலிருந்து கழிக்கப்பட்டவள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அந்தப் பள்ளி வழியாக பஸ் போனால் இன்றும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

கேரளம் யோக்கியமா? 2024-ல் இங்கே எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.69 சதவீதம். விழாவும் நடந்தது. அதே அரசுதான் அதே ஆண்டில், எட்டாம் வகுப்பிலிருந்து எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்று கொண்டுவந்தது. எல்லாரும் தேறியிருந்தால் குறைந்தபட்சம் எதற்கு? தேர்ச்சி வேறு, படிப்பு வேறு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்?

"நம் நாட்டில் மட்டும்தான் இப்படி" என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளியை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்ப வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நோயாளியை உள்ளே ஒப்படைத்த பிறகுதானே அன்று கடிகாரம் ஓடத் தொடங்கியது? சில இடங்களில் ஆம்புலன்ஸை வாசலிலேயே காக்க வைத்தார்கள். வெள்ளைக்காரனும் குடத்தை நிமிர்த்தி வைக்கத்தான் சொல்கிறான்.

அப்படியானால் எண்ணவே வேண்டாமா என்று நண்பர் கேட்பார், எனக்குத் தெரியும். எண்ண வேண்டும் ஐயா, எண்ண வேண்டும்! கேரளத்தில் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் மரணங்களை 2004 முதல் மகப்பேறு மருத்துவர்களே இரகசியமாக ஆய்வு செய்கிறார்கள். யாரையும் தண்டிக்க அல்ல, ஏன் இறந்தாள் என்று தெரிந்துகொள்ள. ரத்தப்போக்குதான் பெரிய காரணம் என்று தெரிந்து, அதற்கு என்ன செய்வது என்று நெறிமுறை வகுத்தார்கள். 2010-12-ல் ஒரு லட்சம் பிறப்புக்கு 66 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20-ல் 19-க்கு இறங்கியது. பிறகு எண் ஏறியபோது ஏன் ஏறியது என்று கேள்வி எழுந்தது. எத்தனை கட்டில் போட்டோம், எத்தனை கையேடு அச்சடித்தோம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. தன்னைச் சங்கடப்படுத்தக் கூடிய எண்ணை ஒரு அரசாங்கம் வைத்துக்கொண்டால் அதை நான் கைகூப்பி வணங்குவேன். சங்கடமே தராத நூறு சதவீதத்தை என்ன செய்வது?

"குழாய் போட்டதே பெரிய விஷயம், முன்பு அதுவும் இல்லையே" என்பவர்களுக்கு என்னிடம் மரியாதையான பதில் இல்லை. தாலி வாங்கிவிட்டேன், மாப்பிள்ளையை அப்புறம் பார்க்கலாம் என்பது போல இருக்கிறது.

நான் எதிர்க்கட்சிக்காரன் என்று ஒருவர் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார். எதற்கு எதிர்க்கட்சி? இங்கே ஆள்வது ஒருவர், எல்லைக்கு அப்பால் ஒருவர், டெல்லியில் ஒருவர். மூவரையும் ஒரே நேரத்தில் எதிர்க்கும் கட்சி இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்துகொள்கிறேன். எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் நாங்கள் கேரளாக்காரர்கள். சித்தூர் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், தமிழர்களை இளப்பமாகச் சொல்லும் பெயரில், பாண்டிகள். நாங்கள் அனுப்பும் மனு தமிழில் இருந்தால் மொழிபெயர்க்க ஆளில்லை என்று காத்திருக்கிறது. இரண்டு பக்கமும் எங்களை விட்டுவிடுவார்கள். ஆனால் சதவீதம் போடும்போது மட்டும் ஒரு வீடுகூட விடுபடுவதில்லை, பாருங்கள்.

சரி, எழுதிவிட்டேன். நண்பருக்கு வருத்தமிருந்தால் செவ்வாய்க்கிழமை வரட்டும். அன்றைக்கு லாரி வரும் என்கிறார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. அத்தைக்கு அந்த ஃப்ளெக்ஸில் தன் படம் வந்ததில் சந்தோஷம்தான். விழாவுக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது, "கண்ணு, விழா முடிந்துவிட்டதே, அந்தப் படுதாவைக் கேட்டு வாங்கித் தருகிறாயா? டிரம்மை மூடி வைக்க ஆகும், தண்ணீரில் சருகு விழுகிறது" என்றார். திங்கட்கிழமை போய்க் கேட்டேன். தர முடியாது என்றார்கள். அடுத்த வாரம் பக்கத்துப் பஞ்சாயத்திலும் இதே விழா இருக்கிறதாம். மேலே ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டு, அதே படத்தை அங்கே கட்டப் போகிறார்களாம்.

அத்தையிடம் இதை இன்னும் சொல்லவில்லை. டிரம்முக்குப் போட ஒரு பழைய தார்ப்பாய் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.