உப்புத் தண்ணீர் சாயத்தைப் பிடித்து வைக்காது

"புதுக் கண்டாங்கிச் சேலையை உப்புத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும்" என்று ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உப்புக்கு வேலை சாயத் தொட்டியில்தான். தண்ணீரில் கரைந்த சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்காக அங்கே சேர்க்கிறார்கள். நெய்து முடித்த சேலையில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது. ஊற ஊற அந்தச் சாயம் இறங்கி வெளிர்ப் பக்கத்தில்தான் ஏறும். காரைக்குடியில் ஆசையாக வாங்கிய என் மஞ்சள் கண்டாங்கியில், அரக்குக் கரையை ஒட்டி விரல் அகலத்துக்குச் செந்திட்டு படிந்தது இப்படித்தான். இன்றும் போகவில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி, மனம் ஆறவில்லை.

முதலில் ஈர வெள்ளைத் துணியைக் கரையின் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், சேலையைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் நீர் தெளியும் வரை அலசுங்கள். ஊறவே விடாதீர்கள். முறுக்காமல், மடித்தும் வைக்காமல், உடனே நிழலில் விரித்துக் காயப்போடுங்கள்.

அதற்காக அலசாமலும் கட்ட வேண்டாம். புதுத்துணியின் கஞ்சியும் மிச்சச் சாயமும் வியர்வையில் இளகினால், கொசுவம் செருகும் இடத்தில் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும்.