தாயின் மூச்சை முதலில் பாருங்கள்

கர்ப்பிணிகளுக்கு வரும் கொரோனா பற்றி ஒரு கட்டுரை படித்தேன். தாய்க்கு வந்தால் குழந்தைக்கும் பரவுமா என்பதையே அது சுற்றிச் சுற்றி வருகிறது. வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்குத் தொற்றுவது அரிது. ஆபத்து பெரும்பாலும் தாயின் நுரையீரலில்தான். அதைக் கட்டுரையில் இரண்டே வரியில் கடந்துவிட்டார்களே!

மற்ற நோயாளிகளுக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 92, 93 சதவீதம் இருந்தால்கூடச் சில நேரம் மருத்துவர்கள் பொறுத்திருப்பார்கள். கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் தாயின் இரத்தத்திலிருந்துதானே போக வேண்டும்? வளர்ந்த கருப்பை, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை மேலே தள்ளுவதால் சாதாரண நாட்களிலேயே மூச்சு வாங்கும். அதனால் "மாசமாக இருந்தால் இப்படித்தான்" என்று வீட்டில் தேற்றி உட்காரவைத்துவிடுகிறார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கருவியில், படுத்திருக்கும்போது நன்றாக இருக்கும் எண் அறைக்குள் சற்று நடந்ததும் சரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். (அடர்நிற நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிட்டு அளக்கவும்.)

மார்பு எக்ஸ்ரே என்றதும் பலர் பதறுகிறார்கள். கருவுக்குப் போய்ச்சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. மருத்துவர் கேட்டால் மறுக்காதீர்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. அதற்காக எல்லா மருந்தும் சரி என்று அர்த்தமில்லை. கொரோனா வைரஸுக்கு எதிரான மோல்னுபிரவிர் மாத்திரை கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியனும் தேவையில்லை. முகக்கவசம் அணிந்து, கையைக் கழுவிக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது.