ரன்னிமீட் நூலகத்தை விட்டுவிட்டீர்களே

கனடாவின் கட்டடக் கலைஞர் ஜான் லைல் பற்றிய உங்கள் கட்டுரையில் பாதி டொராண்டோ யூனியன் ரயில் நிலையத்துக்கே போய்விட்டது. அது அவர் தனியாகச் செய்ததும் அல்ல. ராஸ் அண்ட் மெக்டொனால்டு நிறுவனத்துக்கும் ஹியூ ஜோன்ஸுக்கும் அதில் பங்கு உண்டு. லைல் பாரிஸில் செவ்வியல் பாணி படித்தவர், நிலைய முகப்பில் அந்தப் பிரம்மாண்டத் தூண் வரிசை வராமல் இருக்குமா! சரி, ஆனால் கனடாவுக்கென்று ஒரு அலங்கார மொழியை அவர் தேடியது பிற்காலத்தில்தான். 1930இல் டொராண்டோவில் திறந்த ரன்னிமீட் நூலக வாசலின் இருபுறமும் குலக்கம்பங்களை (குலச் சின்னங்கள் செதுக்கிய டோட்டம் கம்பங்கள்) கல்லில் செதுக்க வைத்தார். அவை பசிபிக் கரைப் பழங்குடிகளுடையவை, டொராண்டோவுக்குச் சம்பந்தமில்லை என்பது வேறு விஷயம். ஹாலிஃபாக்ஸில் அவர் கட்டிய நோவா ஸ்கோஷியா வங்கியிலும் கனடாவின் செடிகொடிகளும் விலங்குகளும் அலங்காரத்தில் உண்டு. அதைப் பற்றியும் எழுதுங்கள்.