ஃபாரின் பாலிசி ராமேஸ்வரம் படகுத்துறையிலயும் இருக்கு, ஆனையூர் அகதிகள் கேம்ப்லயும் இருக்கு

சினாப்சிஸ் (பிஎச்டி ஆராய்ச்சித் திட்டச் சுருக்கம்) எழுதப் போற பொலிட்டிக்கல் சயின்ஸ் புள்ளைங்களுக்கும் அவங்க கைடுகளுக்கும் சேத்துத்தான் இத எழுதுறேன். நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்ல (சுருக்கமா ஐஆர், நாடுகளுக்கு இடையில உள்ள உறவப் பத்தின பாடம்) பிஎச்டி பண்றவங்ககிட்ட தலைப்பு என்னப்பான்னு கேட்டா திரும்பத் திரும்ப இதேதான் காதுல விழுது. 1991க்குப் பிறகு இந்தியா அமெரிக்கா உறவு, இந்தியா சீனா எல்லைப் பிரச்சனை, சார்க் அமைப்பும் இந்தியாவும். முக்கியமான விஷயங்கதான், வேணாம்னு சொல்லல. ஆனா டெல்லியில இருக்க ஸ்காலருக்கு தேசிய ஆவணக் காப்பகம் பக்கத்துலயே இருக்கு, ரிட்டயர்டு அம்பாசடர்கள நேர்ல பாத்து பேட்டி எடுக்கலாம், நம்ம புள்ளைக்கு அது எதுவும் கிடையாது, அதனால அவங்க எழுதின புத்தகத்தையும் கட்டுரையையும் படிச்சு அதையே மாத்தி எழுதி அஞ்சு சாப்டர் ஆக்கி பைண்ட் பண்ணிருது. அம்புட்டு வருச உழைப்பு, வைவா முடிஞ்சா அத யாரும் தொறந்து பாக்கறதில்ல. எனக்கு வயிறு எரியிது. ஏன்னா டெல்லிக்காரனுக்கு கிடைக்காத சோர்ஸ் நம்மள சுத்தி கெடக்கு.

கச்சத்தீவையே எடுத்துக்கங்க. 285 ஏக்கர். 2024 பார்லிமென்ட் எலக்‌ஷன்ல ஆளாளுக்கு அதப் பத்தி பேசினாங்க, ஆனா பேசினதுல பாதிப்பேரு ஒப்பந்தத்த படிச்ச மாதிரி தெரியல. தீவு இலங்கைக்குன்னு 1974 ஜூன்ல ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்தோட 5வது பிரிவு, நம்ம மீனவங்களும் யாத்திரை போறவங்களும் முன்ன மாதிரியே தீவுக்குப் போயிட்டு வரலாம், விசா எதுவும் வேணாம்னு சொல்லுது. மீன் பிடிக்கறதப் பத்தி அதுல தெளிவா இல்ல. அப்புறம் 1976 மார்ச்ல ரெண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் மாத்திக்கிறாங்க, அதுலதான் ஒரு நாட்டோட படகு இன்னொரு நாட்டோட கடல்ல மீன் பிடிக்கக் கூடாதுன்னு வருது. அந்த மார்ச் மாசம் தமிழ்நாட்டுல யாரு ஆட்சி? யாருமே இல்ல. ஜனவரி 31ஆம் தேதி திமுக அரச கலைச்சுட்டாங்க, எமர்ஜென்சி நேரம், குடியரசுத் தலைவர் ஆட்சி. மாநிலத்துல எதுத்துக் கேக்க ஒரு சட்டசபை இல்லாத நேரத்துல மாநிலத்து மீனவன் தொழில் பண்ற கடல்ல கோடு போட்டுருக்காங்க. இந்த ஒரு விஷயத்த வச்சே ஒரு முழு தீசிஸ் பண்ணலாம்.

நம்ம அரசியல் சட்டத்துலயே பாருங்க, மீன்வளம் மாநிலப் பட்டியல்ல இருக்கு, ஆனா நாட்டோட கடல் எல்லை தாண்டிப் போயி பிடிச்சா அது மத்தியப் பட்டியல், 57வது அயிட்டம். வெளியுறவும் மத்தியப் பட்டியல்தான். அப்ப ராமேஸ்வரத்துல ஃபிஷரீஸ் ஆபீஸ்ல டோக்கன் வாங்கிட்டுக் கெளம்பற விசைப்படகு கொஞ்ச நேரத்துல மாநில விவகாரத்துல இருந்து சர்வதேச விவகாரமா மாறிருது. ராபர்ட் புட்னம்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1988ல எழுதினாரு, ஒரு தலைவர் வெளிநாட்டோட பேரம் பேசும்போதே உள்நாட்டுலயும் இன்னொரு பேரம் பேசிக்கிட்டுத்தான் இருக்காருன்னு. லிட்ரேச்சர் ரிவியூல எல்லாரும் அவர் பேரப் போடுறாங்க. அவர் சொன்னத சோதிச்சுப் பாக்க, நமக்கும் இலங்கைக்கும் நடுவுல இருக்க பாக் நீரிணைய விட நல்ல இடம் எது?

இதுல நம்ம பக்கம் கேக்கப் பிடிக்காத உண்மையும் இருக்கு, ஆராய்ச்சின்னா அதையும் எழுதணும். 2009ல போர் முடிஞ்சு யாழ்ப்பாணம், மன்னார் மீனவங்க சின்னச் சின்னப் படகோட திரும்பக் கடலுக்கு வந்தப்ப அவங்க வலைய கிழிச்சது நம்ம விசைப்படகோட இழுவைமடி, கடலடியோட அரிச்சு இழுக்கற வலை. அவங்களும் தமிழங்கதான். இலங்கை 2017ல இழுவைமடிய சட்டம் போட்டுத் தடை பண்ணிருச்சு. அதே வருசம் இங்க ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறச் சொல்லி திட்டம் வந்துச்சு, படகு விலை 80 லட்சம், அதுல 50 சதவீதம் மத்திய அரசு, 20 மாநில அரசு, 20 பேங்க் லோன், மீதி 10 மீனவன் கைக்காசு. யாரு மாறினா, யாரு மாறல, ஏன் மாறலன்னு படகு முதலாளிகிட்டயும் கூலிக்குப் போற ஆளுகிட்டயும் தனித்தனியா உக்காந்து கேக்கணும். ரெண்டு பேரும் ஒரே பதில சொல்ல மாட்டாங்க. இந்தியா, இலங்கைன்னு ரெண்டே ரெண்டு ஆளு இருக்க மாதிரி எழுதற பேப்பர்ல இது எதுவுமே தெரியாது.

அடுத்து அகதிகள் கேம்ப். மதுரைக்காரங்களுக்கு ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர்னா தெரியும். 1983க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களும் அவங்க புள்ளைங்களும் பேரப்புள்ளைங்களும் இருக்காங்க. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல, தனியா ஒரு அகதிகள் சட்டமும் கிடையாது, 2019ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மட்டும்தான், இலங்கை இல்ல. இதுக்குள்ள இன்னொரு அடுக்கு இருக்கு. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல, இங்க இருந்து இலங்கைத் தோட்ட வேலைக்குப் போன வம்சமான மலையகத் தமிழர் 9,75,000 பேர ரெண்டு நாடும் பங்கு போட்டுச்சு, 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர 1974ல பாதி பாதியா. தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்த ஒருத்தர்கிட்டயும் நீ எங்க இருக்க ஆசைப்படறன்னு கேட்டு அந்த நம்பர முடிவு பண்ணல. அந்த வம்சத்துல வந்தவங்க இன்னைக்கும் கேம்ப்ல இருக்காங்க. அவங்க குடியுரிமைக்கு மனு போட்டா மத்திய அரசு பரிசீலிக்கணும்னு 2019ல நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளையே சொல்லிருக்கு. ஒத்தக்கடை பக்கம் இருக்க அந்தக் கோர்ட்டுல மீனவர் கேஸ், அகதி கேஸ்னு கெடக்கற கட்டு ஒவ்வொண்ணும் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் டாக்குமென்ட்தான்.

கேம்ப்ல பொறந்து இங்கயே எம்ஏ முடிச்ச ஒரு பொண்ணு இதத்தான் தலைப்பா எடுக்கணும்னு ஒரு காலேஜ்ல போயி நின்னுச்சு. இது உன் சொந்தக் கதைம்மா, ஐஆர் கிடையாது, சென்சிடிவ் வேற, வேற ஏதாவது எடுத்துட்டு வான்னு அனுப்பிட்டாங்க. இப்ப அந்தப் புள்ள ஜவுளிக்கடையில பில்லிங்ல உக்காந்திருக்கு. பாட்டி வாயாலயே ஒப்பந்தத்தோட கதையக் கேட்டு வளந்த ஒரு ஆளு, தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்ச ஆளு, அந்த ஆராய்ச்சிக்கு அவளவிட யாரு பொருத்தம்? நெனச்சா இன்னும் ஆறல.

சொந்தக் கதையில இருந்து தியரி வராதுன்னு சொல்றவங்க ஒண்ணு யோசிக்கணும். இந்தப் பாடத்துக்கு உலகத்துல முதல் பேராசிரியர் பதவி 1919ல உருவானது லண்டன்லயோ வாஷிங்டன்லயோ கிடையாது, வேல்ஸ்ல அபரிஸ்ட்வித்னு கடலோரத்துல ஒரு சின்ன ஊரு. முதல் உலகப் போர்ல அந்தக் காலேஜ் பசங்க செத்துப் போனாங்க, அவங்க நினைவா உள்ளூர் பணக்காரக் குடும்பம் ஒண்ணு காசு குடுத்துச்சு. தன் ஊரு இழப்புல இருந்துதான் தொடங்குனாங்க. 2007ல அமிதாவ் ஆச்சார்யா, பேரி புசான்னு ரெண்டு ஐஆர் பேராசிரியர்கள் மேற்கத்திய நாடுகளுக்கு வெளியில இருந்து ஏன் ஐஆர் தியரியே வரலன்னு கேட்டு ஒரு ஜர்னல்ல தனி இதழே கொண்டு வந்தாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதற இடத்துலதான் நாம உக்காந்திருக்கோம்.

ஜர்னல் கிடைக்கலங்கற புலம்பலுக்கும் இப்ப பாதி வழி வந்திருச்சு, ஒரே நாடு ஒரே சந்தான்னு 2025ல இருந்து மூணு வருசத்துக்கு 6,000 கோடி ஒதுக்கி அரசு பல்கலைக்கழகம், காலேஜ்களுக்கு ஜர்னல் தொறந்து விட்டுருக்காங்க. ஃபீல்டு ஒர்க்குக்கு காசு ஒதுக்கறது மட்டும் யாருக்கும் தோண மாட்டேங்குது. பஸ் டிக்கெட்டும் ரூம் வாடகையும் ஸ்காலர் கையில இருந்துதான் போகுது, பெல்லோஷிப் இல்லாத புள்ளைங்க பாவம்.

கைடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பேட்டி தமிழ்ல எடுத்துட்டு தீசிஸ்ல இங்கிலீஷ் சுருக்கம் மட்டும் போடாதீங்க, தமிழ்ல அவங்க சொன்னத அப்படியே பின்னிணைப்பா சேக்கச் சொல்லுங்க. சோத்கங்கால (இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்கள ஆன்லைன்ல போடற தளம்) ஏத்தினா யாழ்ப்பாணத்துல இருக்கவங்களும் படிப்பாங்க, பேட்டி குடுத்தவரோட பேத்தியும் படிப்பா.

களத்துக்குப் போறவங்களுக்கு: கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையிலதான் நிக்கும், மீனவங்க உக்காந்து வலை பின்னிக்கிட்டு இருப்பாங்க, பேச நேரமும் இருக்கும். கேம்ப்புக்குள்ள போகணும்னா அனுமதி வாங்கணும், இழுத்தடிப்பாங்க, அதனால சினாப்சிஸ் குடுத்த கையோட மனுவையும் போட்டுருங்க. மனு எழுதத் தெரியலன்னா இன்பாக்ஸ் வாங்க, சேந்து எழுதுவோம்.